பதினெட்டு சென்டிமீட்டர் புளியமரம்

சென்ற மாதம், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த ரயில்வே பயிற்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் மாடல் அறையில் இருக்கும் சின்ன ரயில் பாதையைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டர் திரைக்குள் கொண்டுபோகிறார்களாம். இனி டிரைவர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் பாடம் திரையில்தான் நடக்கும். நல்லதுதான், வாரா வாரம் தூசி தட்டும் வேலை மிச்சம். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், மாடல்ல இருக்கிற மரமெல்லாம் ஒரே கணக்குல வருது. வளைவுல இருக்கிற புளியமரம் மட்டும் மத்ததைவிட ஒன்றரை மடங்கு பெருசா இருக்கு. தப்பா வச்சிட்டீங்களா? சின்னதாக்கிடட்டுமா?"

"அதுல மட்டும் கை வச்சிடாதம்மா. அது ஒண்ணுதான் சரியான அளவு. மத்ததுதான் தப்பு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், கோப்பில் வைத்துக்கொள்கிறோம் என்றார். கோப்புக்கு நாலு வரி போதும். எனக்கு நாலு வரியில் எழுத வராது என்பது இப்போது தெரிகிறது.

சொந்த ஊர் நகரி. நைனா தறிக்காரர். பவர்லூம் ஓடும் வீட்டில் பேசினால் யாருக்கும் கேட்காது, அதனால் சிறு வயதிலிருந்தே நான் பேசியதைவிடப் பார்த்தது அதிகம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். ரயில்வேயில் சேர்ந்து சில வருடம் பெட்டிகளுக்கு அடியில் படுத்து பிரேக் கட்டை மாற்றினேன். சாப்பாட்டு வேளையில் தகரத் துண்டில் ஒரு வேகன் செய்து வைத்திருந்ததை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சிக்கூடத்தின் மாடல் அறைக்கு என்னை மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

மாடல் அறைக்குத் தலைவர் சடகோபன் சார். திருப்பதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சந்நிதியில் நிற்க, இவர் ஒருவர் மட்டும் தண்டவாளத்துக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருமண், கையில் வெர்னியர் காலிப்பர். யாரையும் திட்டமாட்டார். நாம் செய்த பொருள் சரியில்லை என்றால் அதை நம் மேஜையிலேயே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே தேட வேண்டும். கண்டுபிடித்துப் போய்ச் சொன்னால் "ம்" என்பார். திட்டு வாங்கினாலாவது மனசு ஆறும், இது ஆறாது. எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முதல் நாள் என்னை நிற்க வைத்து அளந்தார். ஐந்தடி ஆறங்குலம்.

"பிராட்கேஜோட அகலம் எவ்வளவு தெரியுமோ?"

"ஆயிரத்து அறுநூத்து எழுபத்தாறு மில்லிமீட்டர் சார்."

"அடியிலே சொல்லு."

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி ஆறங்குலம். நான் குறுக்கே படுத்தால் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரியாக இருப்பேன். அத்தனை வருடம் பெட்டிக்கு அடியில் படுத்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

மாடலுக்கு வாங்கி வைத்திருந்த தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறைப் பதினாறரையால் வகுத்தால் நூற்றியொன்று சொச்சம் வரும். சொச்சத்தைத் தள்ளிவிட்டு நூறு என்று வைத்துக்கொண்டார். நூறில் ஒரு பங்கு, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் எங்களுக்கு ஒரு சென்டிமீட்டர். பித்தளையில் பதினாறரை மில்லிமீட்டருக்கு ஒரு மனிதனை அறுத்து வைத்திருந்தார். மாடலில் எது வைத்தாலும் முதலில் அந்தப் பித்தளை ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவன் தலை இடிக்காமல் கதவுக்குள் நுழைய வேண்டும், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் பட வேண்டும், தண்ணீர்க் குழாயைக் கை எட்ட வேண்டும்.

எல்லாரும் பெரிய பொருளில் தப்பு வரும் என்று நினைப்பார்கள். சின்னதில்தான் வரும். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லி ஐந்து சென்டிமீட்டர் கல். நூறில் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டர். கடையில் விற்கும் மணலைக் கொட்டினால் பாறாங்கல் பரப்பியதுபோல் இருக்கும். சந்திரகிரிப் பக்கம் சொர்ணமுகி ஆற்று மணலைக் கொண்டுவந்து, ரவை சலிக்கிற சல்லடையில் மூன்று தரம் சலித்து, கடைசியில் விழுந்ததைத்தான் ஒட்டினோம். காணிப்பாக்கம் போகிற பஸ்ஸுக்குப் பலகை எழுதியபோது ஒரு எழுத்து ஒரு மில்லிமீட்டருக்கு வந்தது. பூனை முடி இரண்டை வைத்து எழுதினேன்.

சில பொருள்கள் சிறுக்கவே சிறுக்காது என்பதும் அங்கேதான் தெரிந்தது. கேட் கீப்பர் வீட்டுக் கொடியில் ஒரு சேலை காயப்போட நினைத்தேன். தறிக்காரன் பிள்ளைக்குச் சேலைக்கா பஞ்சம்? ஐந்தரை சென்டிமீட்டருக்கு நல்ல மெல்லிய துணியாக வெட்டித் தொங்கவிட்டேன். பலகைபோல விறைத்து நின்றது. துணியை வெட்டலாம், நூலை நூறில் ஒன்றாக்க முடியாதே. கடைசியில் வெங்காயத்தின் உள்தோலைச் சாயம் போட்டுத் தொங்கவிட்டேன். தண்ணீரும் அப்படித்தான், ஒரு சொட்டு விட்டால் குளத்து நடுவில் குன்றுபோல் எழும்பி நிற்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு சம்பளமும் வாங்கினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாகக்கூட இருக்கிறது.

நான் அங்கே போய்ச் சில வருடம் கழித்து, வளைவில் சிக்னல் எப்போது கண்ணுக்குப் படும் என்று டிரைவர்களுக்குக் காட்ட, நிஜமான ஒரு வளைவை அப்படியே செய்யச் சொன்னார்கள். சந்திரகிரியைத் தாண்டிப் பாகாலா போகும் வழியில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நீளத்தில் சடகோபன் சார் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கவில்லை, அது பிரேக் கணக்கு. முந்நூறு மீட்டர் என்றால் மூன்று மீட்டர்தான். பின்னால் தெரியும் குன்றுகளை மட்டும் குறுக்கினோம். அளவுப்படி வைத்தால் கூரையைப் பிய்க்க வேண்டியிருக்கும்.

சிக்னலுக்கு ஐம்பது மீட்டர் முன்னால், பாதைக்கு வெளியே ஒரு விவசாயியின் நிலத்தில், பெரிய புளியமரம் ஒன்று நின்றது. ஒரு மீட்டர் குச்சியை நட்டு, குச்சி நிழலையும் மர நிழலையும் அளந்து உயரத்தைக் கணக்கிட்டேன். பதினெட்டு மீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய சிக்னல் கேபிளின் செம்புக் கம்பியை முறுக்கி அடிமரமும் கிளையும், ரம்பத்தூளைச் சலித்து நகரியில் என் மச்சானின் சாயப் பட்டறையில் பச்சை ஏற்றி இலையுமாக, பதினெட்டு சென்டிமீட்டருக்கு ஒரு மரம் செய்தேன். என் கையால் செய்ததில் அதுதான் ஒசத்தி என்று ஒரு நினைப்பு.

மறுநாள் காலை அது தலைகீழாகக் கிடந்தது.

எவ்வளவு தேடியும் தப்பு தெரியவில்லை. பித்தளை ஆளை நிறுத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவரிடமே போனேன். அவர் வந்து மரத்துப் பக்கத்தில் ஒரு ரயில் பெட்டியை வைத்தார்.

"வண்டி நாலு சென்டிமீட்டர். மரம் பதினெட்டு. உள்ளே வர்றவன் கண்ணு எதுமேல போகும்? மரத்துமேலதான். ரயில் பொம்மையாயிடுத்து பாரு."

"நெஜத்துலயும் அப்பிடித்தான சார் இருக்குது?"

"நெஜத்துல நீ கீழே நின்னுண்டு பாக்கறே. இங்கே மேலேர்ந்து குனிஞ்சு பாக்கறே. மேலேர்ந்து பாக்கறச்சே மரம் ஜாஸ்தியாத் தெரியும். மூணுல ரெண்டு பங்கு பண்ணிடு."

அது அவர் மட்டும் சொன்னதல்ல, சின்ன ரயில் செய்கிறவர்கள் பலரும் செய்வதுதான். மரத்தை அளவுப்படி வைத்தால் ரயில் அடங்கிப்போகும், அதனால் மரத்தைக் குறைப்பார்கள். நானும் கம்பியை வெட்டிப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆக்கினேன். உண்மையிலேயே பார்க்க அழகாகத்தான் இருந்தது. மற்ற எல்லா மரங்களையும் அதே கணக்கில் செய்தோம். எட்டு வருடம் அந்த வளைவில் பாடம் நடந்தது. அதற்குள் சடகோபன் சார் ஓய்வு பெற்று, அறை என் பொறுப்புக்கு வந்தது.

ஒரு ஐப்பசி மாதக் கடைசியில் அந்த நிஜ வளைவில் ஒரு காலி சரக்கு வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி அறுபது மீட்டர் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை, எதிரில் வேறு வண்டியும் இல்லை. ஆனாலும் சிவப்பைத் தாண்டுவது டிரைவருக்கு வேலையே போகிற குற்றம். டிரைவர் சித்தூர்க்காரர், பெயர் முனிரத்தினம். புளியமரம் மறைத்தது, பக்கத்தில் வந்த பிறகுதான் சிக்னல் தெரிந்தது, தெரிந்த உடனே பிரேக் போட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கூட இருந்த உதவி டிரைவரும் அதையே சொன்னார். கூட்டாளி பேச்சு என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி மரத்தைப் பார்க்கப் போனபோது மரம் இல்லை. இரண்டு நாள் முன்பு நிலத்துக்காரர் வெட்டிவிட்டிருந்தார். அப்போதுதான் யாரோ அவரிடம், அந்த வளைவுக்கு எங்கள் அறையில் அச்சு அசலாக ஒரு மாடல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

வந்தார். பொறுமையான மனிதர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். டிரைவரின் கண் தண்டவாளத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டார். இரண்டே முக்கால் மீட்டர் என்றேன். எஞ்சின் மாடலின் முகப்பில் அந்த உயரத்தில் பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தேன். தரையில் முட்டி போட்டு, கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே எஞ்சினை விரலால் தள்ளிக்கொண்டு வந்தார். சிக்னலுக்கு மூன்று மீட்டர் முன்னால் நிறுத்தினார்.

"இக்கடே, இங்கயே தெரியுதேப்பா. பளிச்சுனு தெரியுது."

நானும் குனிந்து பார்த்தேன். மரத்தின் ஓரத்தில் சிவப்பு விளக்கு தெளிவாகத் தெரிந்தது. நிஜத்தில் அது முந்நூறு மீட்டர். வேகத்தைப் பதியும் கருவியின் தாளைப் பிரித்து எனக்கே காட்டினார். முனிரத்தினம் பிரேக் போட்டது சிக்னலுக்கு நூற்று நாற்பது மீட்டர் முன்னால். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்.

"முந்நூறுல தெரிஞ்சிருக்கு. நூத்தி நாப்பதுல பிரேக். நடுவுல பதினோரு செகண்டு. என்ன செஞ்சான்? தூங்கினான். ரெண்டு பேரும் தூங்கினாங்க." தெலுங்கில் "சரிபோயிந்தி" என்று முடித்துக்கொண்டு எழுந்து பேன்ட்டைத் தட்டினார்.

எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். என் மரம் பன்னிரண்டு சென்டிமீட்டர், உண்மை மரம் பதினெட்டு மீட்டர். உயரம் குறைந்தால் விரிவும் குறையும். மேலே நின்று குனிந்து பார்க்கிறவனுக்காகச் செய்த மரம் அது. அவரோ எஞ்சினுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எட்டு வருடமாகத் தப்பான மாடலில் பாடம் நடத்தினோம் என்று எப்படிச் சொல்வது? சடகோபன் சார் பெயர் என்னாவது? அப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், பயம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை திருப்பதியில் சடகோபன் சார் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ அன்னிக்கே ஏன் சொல்லலே?"

"உங்க பேரு கெட்டுப்போயிடும்னு சார்."

"என் பேரா, உன் பேரா?"

அவர் காலி டம்ளரை எனக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார். என்ன தப்பு என்று இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை.

"ரயில் எடுப்பாத் தெரியணும்னு மரத்தைக் குறைச்சேன். ஒருத்தன் பொழப்பு போகணும்னு இல்லே. போய்ச் சொல்லு. சின்னதாக்கச் சொன்னது நான்தான்னும் சொல்லு." டம்ளரை நிமிர்த்தி வைத்துக்கொண்டே, "நானும்தான் அந்த எஞ்சினுக்குள்ளே ஒரு நாளாவது கண்ணை வச்சுப் பாத்திருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

விசாரணை அதிகாரி சித்தூரில் தங்கியிருந்தார். நேராக பஸ் ஏறிவிட்டேன். சொன்னதும் அவர் முகம் மாறியது.

"எட்டு வருஷமா தப்பான மரத்தை வச்சா பாடம் சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அந்த டிரைவர் உனக்கு என்ன வேணும்? ஒரே ஊரா?"

"மூஞ்சிகூடத் தெரியாது சார்."

"சரே. உயரம் உன் நோட்டுல இருக்கு. மரம் எவ்வளவு அகலத்துக்கு விரிஞ்சிருந்தது? அதுதானே சிக்னலை மறைக்கும்?"

அதை நான் எழுதவில்லை. அப்போது போட்டோவைப் பார்த்துக் கண் திட்டத்தில் செய்ததுதான். சம்பவத்துக்குப் பிறகு, வெட்டுவதற்கு முன் ரயில்வே ஆட்கள் எடுத்த போட்டோவிலும் மரத்தின் பாதைப் பக்கம் விழவில்லை.

"இல்லாத மரத்தை எப்படிப்பா அளப்ப? அளந்து காட்டு, நான் மறுபடி வந்து பாக்கிறேன். வாய்ப்பேச்சு வேண்டாம்." நாலு நாள் தவணை கொடுத்தார்.

மறுநாளே அந்த வளைவுக்குப் போனேன். நிலத்துக்காரர் செங்கல்ராயன் என்னையும் அதிகாரி என்று நினைத்துக் கும்பிட்டார்.

"மூணு பேரு வந்து போட்டோ புடிச்சிக்கினு போனாங்க சார். எதுக்கு வம்புன்னு வெட்டிட்டேன். என் நெலத்துல நிக்கிற மரந்தான, தப்பா?"

"தப்பில்லீங்க. அது எம்மாம் அகலத்துக்கு விரிஞ்சிருந்திச்சி, ஞாபகம் இருக்குதா?"

இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அந்த அளவை எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். அடிக்கட்டைமேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். சுற்றிலும் வேர்க்கடலைச் செடி. என் காலடியில் மட்டும் வெறும் மண், காய்ந்த புளியிலைச் சருகு. செடிகள் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆரம்பித்தன. நேர்கோடாக இல்லை, வளைந்து நின்றன.

"இங்க ஏன் ஒண்ணும் வெதைக்கல?"

"புளியமரத்தடியில என்னா சார் வெளையும்? கெள எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் ஏர் வுடமாட்டோம். வெதைய வீணாக்கணுமா?"

எழுந்துவிட்டேன். மரத்தை வெட்டினார்கள், அது நின்ற இடத்தின் அளவை யாரும் வெட்டவில்லை. ஆடியில் விதைத்த செடி, ஐப்பசியில் நடந்த சம்பவம். வழக்குக்காக யாரும் வட்டம் போட்டு விதைத்திருக்க முடியாது. ஒருவருடைய வேலை போகிற விஷயத்தில் இத்தனை உற்சாகம் கூடாதுதான், ஆனால் கை பரபரத்தது. கட்டையின் நடுவில் டேப்பின் நுனியைச் செங்கல்ராயனைப் பிடிக்கச் சொல்லி, நிலத்துப் பக்கம் ஆறு இடத்தில் அளந்தேன். எட்டு மீட்டர் இருபது, எட்டு அறுபது, எட்டரை. பாதைப் பக்கம் விதைப்பு கிடையாது. ஆனால் அங்கே மழைக்குப் பிறகு முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்தது. அந்தப் புல்லும் எட்டரை மீட்டருக்கு உள்ளே வரவில்லை. அடிக்கட்டையிலிருந்து பாதையின் நடுவுக்குப் பதினொரு மீட்டர். அப்படியென்றால் கிளை நுனி வண்டிக்கு ஒரு கை தூரத்தில் தொங்கியிருக்கிறது.

"மழை பேஞ்சி காயோட தொங்குனா வண்டிய ஒரசும் சார். சட்டு சட்டுன்னு சத்தம் வரும்" என்றார் செங்கல்ராயன். ஒவ்வொரு அளவையும் படம் எடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் மரத்தைச் செய்தேன். உயரம் பதினெட்டு சென்டிமீட்டர், நடுவிலிருந்து கிளை நுனிக்கு எட்டரை. பழைய மரத்தில் அது ஐந்தே முக்கால்கூட இல்லை. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டதும் சடகோபன் சார் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ரயில் பொம்மையாகிவிட்டது. எஞ்சினுக்குள் கண்ணை வைத்து நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தானாக ஒரு கிளையை இப்படி அப்படி வளைத்துவிடும் என்று பயம்.

அதிகாரி வந்தார். முதலில் செங்கல்ராயன் நிலத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு காலிப்பரை வாங்கி மரத்தைத் தானே அளந்தார். முட்டி போட்டார். எஞ்சின் நகர்ந்தது. மூன்று மீட்டர், இரண்டரை, இரண்டு. இன்னும் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினார். டேப்பைக் கேட்டார். ஒரு மீட்டர் அறுபது.

நிஜத்தில் நூற்று அறுபது மீட்டர். பிரேக் விழுந்தது நூற்று நாற்பதில். இடையில் இருபது மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒன்றரை வினாடி ஆகும். கண் பார்த்து, மனசு புரிந்து, கை பிரேக்குக்குப் போக முழித்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு ஆகும் நேரம் அதுதான். அவர் தரையிலேயே உட்கார்ந்து கணக்கை இரண்டு முறை போட்டார்.

"தூங்கல" என்றார்.

முந்தின சிக்னல் மஞ்சள் காட்டியதால் இன்னும் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று முனிரத்தினத்துக்கு ஒரு சின்னத் தண்டனை கொடுத்தார்கள். அது நியாயம்தான். தூங்கினார் என்ற குற்றச்சாட்டு எடுபடவில்லை, வேலையும் போகவில்லை. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, மாடலைக் கவனமாகப் பராமரிக்கும்படி. அதுவும் நியாயம். மற்ற மரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அளவுப்படி பெரிதாக்கினாலும் அவை எந்த சிக்னலையும் மறைக்காது என்று தெரிந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். தொலைபேசியில் கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில்.

ஆனால் கோப்பில் எழுத முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. தை மாதத்தில் முனிரத்தினம் எங்கள் அறைக்கு வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. குட்டையான ஆள், என் உயரம்கூட இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அவருக்கு அத்தனை நாள் தவிப்பு இல்லை. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாற்போல் தெரியவில்லை.

"சார், எங்க வூட்டம்மாவ ஒரு தபா இங்க இட்டுக்கினு வரலாமா?"

"தாராளமா வாங்க. எதுக்குங்க?"

"அது இன்னும் நம்பல சார்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேல போவல சரி, ஆனா நீ தூங்கிக்கினுதான் இருந்திருப்ப, யாரோ நல்ல மனுசன் காப்பாத்திட்டாருன்னு சொல்லுது. தூங்கிட்டேன்னு ஒத்துக்கினு மாப்பு கேட்டிருக்கலாம்ல, எதுக்கு மரத்து மேல பழியப் போட்டன்னு கேக்குது. டூட்டி முடிஞ்சி வந்து நான் அடிச்சிப் போட்டாப்ல தூங்கறதப் பாத்தது அது. அதும் மேல தப்பில்ல சார். ஆனா ஒரே தட்டுல துன்னுக்கினு இருந்தவங்க, இப்ப எனக்கு அது கையால போடறது தொண்டையில எறங்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவின் பெயர் அமுலு. நல்ல சேலை கட்டி, கோயிலுக்கு வருவதுபோல் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். மாடலைச் சுற்றி ஒரு முறை நடந்து, வெங்காயத்தோல் சேலையை உற்றுப் பார்த்தார். முனிரத்தினம் வாசலை ஒட்டியே நின்றார். நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. எஞ்சினை மூன்று மீட்டரில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, இதற்குள் பாருங்கள், தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும், தெரிந்ததும் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நான் எஞ்சினை மெல்லத் தள்ளினேன். இரண்டரை மீட்டர். இரண்டே கால். இரண்டு.

"எங்க சார் சிவப்பு?"

"நல்லாப் பாருங்கம்மா."

தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தார்.

"மரந்தான் சார் இருக்குது. ஒண்ணும் தெரியலையே."

பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் அதில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் எஞ்சினை அதற்குமேல் நகர்த்தாமல் விரலை எடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிவப்பைத் தேடிக்கொண்டே இருந்தார்.